மனை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

புவியியல் என்றாலே தலைநகரங்களின் பட்டியல், பத்தாம் வகுப்போடு விட்டுப்போன பாடம் என்றுதான் பலருக்கும் நினைப்பு. நான் நில வரைபட வேலையில் இருப்பவன். மனை வாங்க நினைத்து என்னிடம் விசாரிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றுதான் கேட்பார்கள்: "சார், இங்க தண்ணி நிக்குமா?" எங்கள் துறை அதை வேறு மாதிரி கேட்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக எங்கே போகிறது? ஓர் இடத்தின் சேதி பாதி அதற்கு வெளியேதான் இருக்கும்.

தென்சென்னையில் இருக்கும் வேளச்சேரியையே பாருங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் சென்னை முழுக்க மூழ்கியது என்று இன்றும் பேசுகிறோம். அடையாற்றங்கரைக்கு அது பொருந்தும். வேளச்சேரியின் கணக்கு வேறு. தென்சென்னை ஏரிகள் ஒன்று நிரம்பினால் உபரிநீர் கலங்கல் (உபரிநீர் வழியும் கல்லணை) தாண்டி அடுத்ததற்குப் போகும். கடைசியில் எல்லாம் வேளச்சேரியை ஒட்டிய பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், அப்புறம்தான் கடல். கடலில் ஓதம் (அலை ஏற்றம்) ஏறியிருக்கும் நேரத்தில் இந்த வழி இன்னும் மந்தமாகும். அதுவரை தண்ணீரைத் தாங்கி நிற்க வேண்டிய சதுப்பு நிலத்தில்தான் குப்பைக் கிடங்கும் சாலையும் கட்டடங்களும் வந்தன. மிஞ்சியதற்கு 2022-ல் ராம்சார் அங்கீகாரம், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. நல்லதுதான், ரொம்பத் தாமதம்.

இதை வரைபடத்தில் பார்த்துவிட முடியாதா? முழுதாக முடியாது. இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் சம உயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. பள்ளிக்கரணைத் தாழ்நிலம் முழுவதும் முதல் கோட்டுக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதை அரை மீட்டர் தீர்மானிக்கும். அதனால் கிராம நிர்வாகத்தின் புலப்படத்தை, அதாவது ஒவ்வொரு சர்வே எண்ணின் எல்லையையும் அளந்து வரைந்த படத்தை, எடுக்கிறோம். சர்வே எண்ணின் ஓரமாக இரண்டு கோடுகளுக்கு நடுவே வாய்க்கால் போயிருக்கும். நேரில் போனால் அதே இடத்தில் சிமென்ட் சாலையோ காம்பவுண்டு சுவரோ இருக்கும். பிறகு தெருவில் நடக்க வேண்டும். சுவரில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில், சாலையை மேலே மேலே போட்டதில் எந்த வீடுகள் பள்ளத்துக்குப் போயின, மழைநீர் வடிகால் எதில் போய்ச் சேர்கிறது என்று பார்ப்போம்.

பள்ளத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் புவியியல் கேள்விதான். ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட பல குடும்பங்களுக்கு வீடு தந்த பெரும்பாக்கமும் அந்தச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. அவர்களை அங்கே மாற்றி வெள்ளத்திலிருந்து தப்ப வைத்ததாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

"மூணு வருஷமா தண்ணியே வரல சார்" என்று தரகர் சொன்னால் அது சான்றாகாது. வடகிழக்குப் பருவமழை வருடத்துக்கு வருடம் மாறும். 2015-லும், மிக்ஜாம் புயல் அடித்த 2023 டிசம்பரிலும் அதே தெருவில் இருந்தவர் யார் என்று தேடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரையோ மளிகைக் கடைக்காரரையோ கேட்டால், எத்தனை நாள் நின்றது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கை நீட்டியே காட்டுவார்.