பி53 வரியைப் பார்த்துக் கீமோவை நிறுத்தாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப்பகுதிகளிலிருந்து சினைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பெண்களின் கைப்பேசியில் இப்போதெல்லாம் பத்தாலஜி ரிப்போர்ட்டின், அதாவது கட்டியின் திசுவைச் சோதித்த அறிக்கையின், ஒரே ஒரு பக்கம் படமாக இருக்கிறது. 'பி53 அப்நார்மல்' (பி53 என்ற புரோட்டீன் இயல்பாக இல்லை) என்ற வரியைச் சுற்றி யாரோ சிவப்பு வட்டம் போட்டிருப்பார்கள். குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு சுற்று வந்த பிறகுதான் டாக்டரிடம் வரும். போன வாரம் ஓர் அக்கா, "புரோட்டீன் கெட்டுப்போச்சாம் டாக்டர், இனி ஊசி போட்டு என்ன பிரயோஜனம்?" என்றார். மகன் அடுத்த கீமோ தேதியை ரத்தே செய்துவிட்டான். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சினைப்பைப் புற்றுநோயில் அதிகம் காண்பது ஹை கிரேட் சீரஸ் என்ற வேகமாக வளரும் வகை. 2011இல் வெளியான அமெரிக்க மரபணு ஆய்வில், அந்த வகைக் கட்டிகளில் 96 சதவீதத்தில், பி53 புரோட்டீனை உருவாக்கும் டிபி53 மரபணு பழுதாகியிருந்தது. ஆகவே பி53 அப்நார்மல் என்றால், 'இது அந்த வகைதான்' என்று பத்தாலஜிஸ்ட் உறுதி செய்கிறார். அவ்வளவுதான். தேறி வருடக்கணக்கில் நடமாடுபவரின் ரிப்போர்ட்டிலும் அதே வரி இருக்கும். சீக்கிரமே நோய் திரும்பியவரின் ரிப்போர்ட்டிலும் இருக்கும். கிட்டத்தட்ட எல்லோருக்கும் உள்ளதை வைத்து ஒருவருக்கு மட்டும் எப்படி ஜாதகம் கணிப்பது?

சரி, பலன் சொல்லும் புரோட்டீனே கிடையாதா? உண்டு. கட்டியில் புரோஜெஸ்டெரோன் ரிசெப்டர் (அந்த ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் புரோட்டீன்) பலமாகத் தெரிந்தவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்ததை 2013இல் ஏறத்தாழ 3,000 பேரின் திசுக்களை ஆராய்ந்து காட்டினார்கள். அதுவும் கூட்டத்துக்கான சராசரிதான். நோய் எந்த ஸ்டேஜ், ஆபரேஷனில் கட்டி மிச்சமின்றி எடுக்கப்பட்டதா என்பவைதான் நாங்கள் முதலில் தேடுவது. அந்தப் பக்கத்தை யாரும் படம் எடுப்பதில்லை.

சிஏ-125 என்ற ரத்தப் பரிசோதனை இன்னொரு தலைவலி. ஹெல்த் பேக்கேஜில் 35க்குக் கீழே வந்தால் நிம்மதி அடைகிறார்கள். முதல் ஸ்டேஜில் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்உறை போன்ற திசு வெளியே வளர்வது) இருந்தால் புற்றுநோய் இல்லாமலே ஏறும். சிகிச்சை வேலை செய்கிறதா என்று தொடர்ந்து பார்க்கத்தான் அது உதவும். வயிறு உப்பி, நாலு வாய் சோற்றிலேயே நிறைந்து, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். ஸ்கேன் எடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து, புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் கீமோ தேதியைத் தொடாதீர்கள். ரிப்போர்ட்டை முழுசாக, ஆபரேஷன் குறிப்போடு கொண்டு வாருங்கள். குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடிய மாற்றத்தைப் பார்க்கும் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றி நீங்களே கேளுங்கள். அதில் மாற்றம் இருந்தால் பிளாட்டினம் கீமோ பெரும்பாலும் நன்றாக வேலை செய்யும், ஒலாபரிப் போன்ற மாத்திரைக்கும் வழி உண்டு. அக்கா தங்கைகளும் மகள்களும் பரிசோதித்துக்கொள்ளலாம்.