'உண்மை பின்னியர் கட்சி' அல்ல

குடியேற்றத்தை எதிர்க்கும் பின்லாந்து அரசியல்வாதி யூஸ்ஸி ஹல்லா-அஹோ பற்றித் தமிழில் எழுதும் பலரும் அவரது கட்சியை 'உண்மை பின்னியர் கட்சி' என்றே குறிக்கிறார்கள். இது தவறு, அதுவும் பொருளையே புரட்டிவிடும் தவறு.

பின்னிய மொழியில் கட்சியின் பெயர் 'பெருஸ்சுவோமலைசெட்'. 'சுவோமலைசெட்' என்றால் பின்னியர்கள், அதாவது பின்லாந்து மக்கள். 'பெருஸ்' என்பது அடி, அடித்தளம். அரசமைப்புச் சட்டம் அங்கே 'பெருஸ்துஸ்லாகி'. எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி 'பெருஸ்கொவுலு'. கட்டடத்தின் அடிக்கல் 'பெருஸ்கிவி'. ஆளுக்கு முன்னால் இச்சொல் வந்தால் பகட்டில்லாத, பத்தோடு பதினொன்றான ஆள் என்று பொருள்.

அப்படியானால் 'உண்மை' எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்தில் கட்சி முன்பு 'ட்ரூ ஃபின்ஸ்' எனப்பட்டது. அதைப் பார்த்துப் பெயர்த்ததுதான் தமிழ் வடிவம். 2011 ஆகஸ்டில் கட்சியே அந்த ஆங்கிலப் பெயரைக் கைவிட்டு வெறும் 'பின்னியர்' என்று மாற்றிக்கொண்டது. நாம் விடவில்லை. பின்லாந்தின் இன்னொரு ஆட்சிமொழியான ஸ்வீடிஷில் கட்சியின் பெயரில் 'உண்மை' என்ற சொல் இன்றும் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஆனால் அதுவும் மொழிபெயர்ப்பே. மூலம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, பெயர்ப்பைப் பெயர்ப்பது சோம்பல்.

வரலாறும் 'உண்மை'க்குத் துணைநிற்கவில்லை. வெய்க்கோ வென்னமோவின் கிராமப்புறக் கட்சி திவாலானபின் 1995இல் அதன் வழித்தோன்றலாக எழுந்தது இது. 'மறக்கப்பட்ட மக்கள்' என்பது வென்னமோ காலத்து முழக்கம். பெயரிலுள்ள சாமானியன் அந்த மறக்கப்பட்டவன்தான். குடியேற்ற எதிர்ப்பு கட்சியின் முதன்மைக் குரலானது பிற்பாடு: ஹல்லா-அஹோ 2008இல் ஹெல்சிங்கி நகர மன்றத்துக்கும் 2011இல் நாடாளுமன்றத்துக்கும் வந்தார், 2017இல் கட்சித் தலைவரானார். 'உண்மை' என்று எழுதினால், மற்றவர்கள் போலி என்று கட்சி தொடக்கத்திலேயே பெயரில் பொறித்துக்கொண்டதாக வாசகர் எண்ணுவார். கட்சியைக் கண்டிக்க அதன் செயல்களே போதும், பெயரைத் திரிக்க வேண்டியதில்லை.

மாற்று என்ன? 'அடிப்படை பின்னியர்' சொல்லுக்குச் சொல் சரி. ஆனால் தமிழில் 'அடிப்படைவாதி' என்ற சொல் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். 'எளிய பின்னியர்' ஏழைகளின் கட்சி போல ஒலிக்கிறது. 'மண்ணின் மைந்தர்' என்பது பழைய பிழைக்குப் புது வண்ணம். 'சாமானிய பின்னியர் கட்சி' என்பதே என் தேர்வு. சாமானியம் வடசொல்தானே என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். தூய்மைக்காகப் பொருளை இழப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதே அலட்சியம் ஹல்லா-அஹோ மீதான வழக்கைப் பற்றி எழுதுவதிலும் தெரிகிறது. இஸ்லாத்தையும் சோமாலியர்களையும் குறித்து 2008இல் தம் வலைப்பதிவில் எழுதியதற்காக அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: மத அமைதியைக் குலைத்தல், மக்கள் குழுவுக்கு எதிராகத் தூண்டுதல். 2009இல் ஹெல்சிங்கி மாவட்ட நீதிமன்றம் முதலாவதில் மட்டும் தண்டித்து 330 யூரோ அபராதம் விதித்தது. 2012 ஜூனில் உச்ச நீதிமன்றம் இரண்டிலும் குற்றவாளி என்று தீர்த்து, அபராதத்தை 400 யூரோவாக்கியது. அதையடுத்து நாடாளுமன்ற நிர்வாகக் குழுவின் தலைமையை அவர் துறந்தார். இரண்டையும் சேர்த்து 'வெறுப்புப் பேச்சு' என்று கட்டிவிட்டால், மேல்முறையீட்டில் எது மாறியது என்றே வாசகருக்குப் புரியாது. பின்லாந்துக் குற்றவியல் சட்டத்தில் 'வெறுப்புப் பேச்சு' என்ற பெயரில் குற்றமே கிடையாது. இரண்டு குற்றங்களையும் தனித்தனியே பெயர்சொல்லி எழுதுங்கள்.