பஸ் போனால் பாலம் அதிரும், படமும்தான்

போன மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தான். கையில் செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் கேமரா, கூடவே வந்த 18-55 எம்எம் லென்ஸ். "அண்ணாச்சி, இதுல ராத்திரிப் படமே வர மாட்டேங்கு, 30 ஆயிரத்துக்கு ஒரு லென்ஸ் பாத்து வச்சிருக்கேன், வாங்கிரவா?" என்றான்.

திருநெல்வேலியில் தாமிரபரணி மேலே நிற்கும் சுலோசன முதலியார் பாலத்தில் எடுத்த படங்களைக் காட்டினான். பாதி கையில் பிடித்து கேமராவின் ஆட்டோ மோடில் எடுத்தவை, ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் அளவு) 6400, ஷட்டர் திறந்திருந்தது கால் விநாடி, விளக்கெல்லாம் புழு மாதிரி நெளிகிறது. மீதி ட்ரைபாடில் (முக்காலி ஸ்டாண்டில்) வைத்து 10 விநாடி, அதுவும் மங்கல்தான். ட்ரைபாடை எங்கே வைத்தாய் என்று கேட்டால், பாலத்து மேலேயாம்! 1843-இல் திறந்த பாலம், இன்னும் கம்பீரமாக நிற்கிறது, சரி, ஆனால் பஸ் போனால் எந்தப் பாலமும் அதிரும், அந்த 10 விநாடிக்குள் எத்தனை பஸ் போயிருக்கும்?

கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரையில் இறங்கி எடு என்றேன். ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவார அளவு எஃப் 8, ஷட்டர் 8 விநாடியில் ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். பட்டனை விரலால் அழுத்தினாலே ஆடும், 2 விநாடி டைமர் போட்டுவிடுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதியை) அணைத்துவிட வேண்டும், இதை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். ஃபோகஸுக்கு லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்பக்கத் திரையில், தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருகி, அது சின்னப் புள்ளியாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

இன்னொன்று, நேரம். வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு சூரியன் மறைந்த பின் வானத்தில் தெரியும் அந்தி நீலம் ஒரு மணி நேரம் இருக்கும் என்று நிதானமாக டீ குடித்துவிட்டு வருகிறார்கள். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு 9 டிகிரிக்குள், இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக விழும், அதனால் நல்ல நீலம் கிடைப்பது அது மறைந்த 15-ஆவது நிமிடத்திலிருந்து ஏறக்குறைய 20 நிமிடம்தான். அதற்கப்புறம் வானம் வெறும் கறுப்பு. ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே போய் ட்ரைபாடை நிறுத்திவிட வேண்டும்.

நட்சத்திரம் எடுக்கவும் இதே லென்ஸ் போதும். ஏப்ரல் அமாவாசையை ஒட்டி, ராதாபுரம் பக்கம் ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில், விடிகாலை 4 மணிக்குத் தெற்கே பார்த்தால் பால்வீதியின் அடர்ந்த பகுதி பாதி வானம் வரை ஏறி நிற்கும். 18 எம்எம், எஃப் 3.5, ஐஎஸ்ஓ 3200, 18 விநாடி. அதைத் தாண்டினால் நட்சத்திரம் கோடாக இழுக்கும்.

தனியாகப் போகாதீர்கள். மழைக்காலத்தில் அணை திறந்தால் தாமிரபரணிப் படித்துறையில் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறும், கேமராவின் வியூஃபைண்டருக்குள் கண்ணை வைத்திருப்பவனுக்கு அது கால் நனைந்த பிறகுதான் தெரியும்.

தம்பி லென்ஸ் வாங்கவில்லை. ஆடாமல் இருக்கப் பழைய சாக்கில் மண்ணை நிரப்பி ட்ரைபாடில் தொங்கவிட்டு எடுத்த படத்தைப் போன ஞாயிறு கொண்டுவந்தான், பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.