சொல் விளக்கம்: டென்னிஸில் ‘சீடு’ – விதையா, வரிசையா?

2025 மார்ச் 30. மயாமி ஓபன் ஆடவர் இறுதி ஆட்டம். மழையால் கிட்டத்தட்ட 6 மணி நேரம் தள்ளிப்போய்த் தொடங்கிய ஆட்டத்தில், செக் நாட்டின் 19 வயது யாகுப் மென்ஷிக், 37 வயது நோவக் ஜோகோவிச்சை 7-6, 7-6 என்று சாய்த்தார். ஜோகோவிச் வென்றிருந்தால் அது அவருடைய 100-ஆவது ஒற்றையர் பட்டம். மென்ஷிக்குக்கு அது முதல் பட்டம்.

இந்தச் செய்தியைத் தமிழில் எழுத உட்காருகிறவர் ஒரு சொல்லில் தடுக்கி நிற்பார். ஆங்கிலத்தில் மென்ஷிக்கை ‘அன்சீடட்’, அதாவது சீடு பெறாதவர், என்பார்கள். நம் விளையாட்டுப் பக்கங்களின் பழக்கப்படி அதைத் ‘தரவரிசை பெறாத வீரர்’ என்று எழுதிவிடலாம். ஆனால் அவர் அந்தப் போட்டிக்கு வந்தபோது உலகத் தரவரிசையில் 54-ஆம் இடத்தில் இருந்தார். வரிசையில் 54-ஆவதாக நிற்பவரை வரிசையே பெறாதவர் என்பது எந்த ஊர் நியாயம்?

தரவரிசை வேறு, சீடு வேறு. தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஒருவர் சேர்த்த புள்ளிகளின் கணக்கு, வாராவாரம் மாறும், எந்தப் போட்டியில் ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவரோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சீடு என்பது ஒரு போட்டிக்கு மட்டும் உரியது. அந்தப் போட்டிக்கு வந்திருப்பவர்களில் முன்னணியில் உள்ள சிலருக்கு மட்டும் 1, 2, 3 என்று எண் கொடுத்து, ஆட்ட அட்டவணையில் அவர்களை ஒருவரையொருவர் நெருங்காதபடி தள்ளித் தள்ளி வைப்பார்கள். போட்டி முடிந்தால் அந்த எண்ணும் முடிந்தது.

அதே மயாமி போட்டியே இதற்கு நல்ல சான்று. அப்போது உலகின் முதல் நிலை வீரர் யானிக் சின்னர். தடையில் இருந்ததால் அவர் வரவில்லை. ஆகவே 2-ஆம் நிலையில் இருந்த ஸ்வெரேவுக்கு முதல் சீடு. 3-ஆம் நிலை அல்கராஸுக்கு 2-ஆவது சீடு, 4-ஆம் நிலை ஃபிரிட்ஸுக்கு 3-ஆவது, 5-ஆம் நிலை ஜோகோவிச்சுக்கு 4-ஆவது. ஒருவர் வராமல் போனதில் எல்லோரும் ஒரு படி ஏறிவிட்டார்கள், தரவரிசையில் யாருமே அசையாமல்.

இன்னும் பெரிய இடைவெளியும் உண்டு. 2018 விம்பிள்டனில் செரீனா வில்லியம்ஸ் தரவரிசையில் 183-ஆம் இடம். மகப்பேறுக்காக விலகியிருந்துவிட்டு வந்தவர். போட்டி அமைப்பாளர்கள் அவருக்கு 25-ஆவது சீடு கொடுத்தார்கள். ஆடவர் பிரிவில் விம்பிள்டன் பல ஆண்டுகள் புல்தரை ஆட்டங்களுக்குக் கூடுதல் மதிப்பளித்துத் தன் சொந்தக் கணக்கில் சீடு போட்டுவந்தது. 2021-இலிருந்துதான் தரவரிசையை அப்படியே எடுத்துக்கொள்கிறது. ஆகவே சீடு என்பது தரவரிசையிலிருந்து பிறப்பதுதான் என்றாலும், அதன் நகல் அல்ல.

சொல் எங்கிருந்து வந்தது? வேறெங்கிருந்தும் இல்லை, விதையிலிருந்துதான். ஆங்கிலத்தில் விதை, விதைத்தல் இரண்டுக்கும் ஒரே சொல். 1890-களில் அமெரிக்க டென்னிஸ் வட்டாரத்தில், சிறந்த ஆட்டக்காரர்களை அட்டவணை முழுக்கப் பரவலாகத் ‘தூவி’ வைப்பதற்கு இந்தச் சொல்லை ஆளத் தொடங்கிவிட்டார்கள். விதைகளை ஒரே இடத்தில் கொட்டினால் ஒன்றையொன்று நெருக்கிக் கெடுக்கும், பரப்பிப் போட்டால் எல்லாம் பிழைக்கும் என்பதே உள்ளே இருக்கும் எண்ணம். நம் ஊர் உழவர் சொல்லில் இது வீசி விதைப்பதைக் காட்டிலும் ‘விதை ஊன்றுவதற்கு’ நெருக்கமானது: சாண் கணக்கில் இடைவெளி விட்டு, இன்ன இடத்தில் இன்ன விதை என்று பார்த்து வைப்பது.

இங்கே ஒரு பொருள் மயக்கத்தை விலக்கியாக வேண்டும். விதை என்றதும் நமக்கு இளமை, துளிர், எதிர்காலம் என்றெல்லாம் தோன்றும். ‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று பேசிப் பழகிய காது அது. டென்னிஸ் விதை அதற்கு நேர் எதிர். ஏற்கெனவே விளைந்து முற்றியவர்தான் சீடு. முளைத்து வருகிற 19 வயதுக்காரர் சீடு இல்லாதவர். எனவே சிலர் ஆசையோடு முன்வைக்கும் ‘விதை வீரர்’ என்ற நேர் ஆக்கம் தமிழில் தலைகீழ்ப் பொருளைத்தான் தரும். ‘நான்காம் விதை வீரர் ஜோகோவிச்’ என்று படித்தால் யாரோ பயிற்சிப் பள்ளிச் சிறுவன் என்றுதான் தோன்றும்.

சீடுக்கு முந்திய காலத்தில் எல்லாமே குலுக்கல்தான். பெயர்களை எழுதிப் போட்டு எடுப்பார்கள். வலுவான இருவர் முதல் சுற்றிலேயே மோதிக்கொண்டால் அது அவர்கள் தலையெழுத்து. விம்பிள்டன் 1924-இல் ஒரு நாட்டின் ஆட்டக்காரர்களை மட்டும் பிரித்துவைக்கத் தொடங்கியது. 1927-இல்தான் திறமையை வைத்து முழு முறையைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஆடவரில் முதல் சீடு பிரான்ஸின் ரெனே லகோஸ்ட். பட்டம் வென்றதோ 4-ஆவது சீடு ஆன்ரி கோஷே. அரையிறுதியில் 2-ஆவது சீடு பில் டில்டனிடம் முதல் இரண்டு செட்டையும் இழந்து, மூன்றாவதில் 1-5 என்று பின்தங்கியிருந்து மீண்டு வந்தார் அவர். பிறந்த ஆண்டிலேயே சீடு தன் கையாலாகாத்தனத்தைக் காட்டிவிட்டது என்பது எனக்குப் பிடித்த செய்தி.

இன்று கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளில் 128 பேர் ஆடுவார்கள், 32 சீடுகள். 2001 வரை 16-தான். முதல் சீடு அட்டவணையின் உச்சியில், 2-ஆவது சீடு அடியில். இந்த இருவரும் சந்திக்க வேண்டுமானால் இறுதி ஆட்டத்தில்தான். 3-ஆவது, 4-ஆவது சீடுகள் மீதமுள்ள இரண்டு காற்பகுதிகளுக்குக் குலுக்கலில் போவார்கள். இப்படியே இறங்கிவந்தால், 32 பேரில் எந்த இருவரும் 3-ஆவது சுற்றுக்கு முன் மோத முடியாது. மயாமி போன்ற 96 பேர் ஆடும் போட்டிகளில் இன்னொரு சலுகையும் உண்டு: 32 சீடுகளுக்கும் முதல் சுற்று கிடையாது. நம் ஊர் வாலிபால், கபடித் தொடர்களில் ‘பை கிடைச்சிருச்சு’ என்பார்களே, அதுதான்.

சீடு இல்லாதவருக்கு அந்த ‘பை’ இல்லை. அவரைக் குலுக்கல் எங்கே தூக்கிப் போடுகிறதோ அங்கே ஆட வேண்டும். மென்ஷிக்கின் கதை இங்கேதான் சூடுபிடிக்கிறது.

மொராவியப் பகுதியில் உள்ள புரோஸ்தேயோவ் என்ற ஊர்க்காரர் அவர். 2005-இல் பிறந்தவர். 2022 ஆஸ்திரேலிய ஓபன் இளையோர் இறுதியில் புரூனோ குசுஹாராவிடம் தோற்றார். உடலெங்கும் தசைப்பிடிப்பு வந்து, சக்கர நாற்காலியில் வைத்து அரங்கைவிட்டு அழைத்துப்போனார்கள். 2023 அமெரிக்க ஓபனில் 17 வயதில் தகுதிச் சுற்றுகளைக் கடந்து வந்து 3-ஆம் சுற்றுவரை போனார், ஃபிரிட்ஸ் நிறுத்தினார். 2024 பிப்ரவரி தோஹாவில் முதல் சீடு ருப்லேவை வீழ்த்தி இறுதிக்குப் போய், 2-ஆவது சீடு கச்சானோவிடம் தோற்றார். முதல் 100 பேருக்கு வெளியே இருந்த பையன் ஒருவன் ஒரே வாரத்தில் போட்டியின் உச்சி விதையையும் அடி விதையையும் பார்த்துவிட்டான். 2025 தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஓபன் 2-ஆம் சுற்றில் 6-ஆவது சீடு காஸ்பர் ரூடை வெளியேற்றினார்.

அடுத்து மயாமி. முதல் ஆட்டத்துக்கு முன் முழங்கால் வலி தாங்காமல் விலகல் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போட்டி அலுவலரைத் தேடிப் போனதாக அவரே பிறகு சொன்னார். அந்த ஆள் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். சரி, இன்னொருமுறை ஃபிசியோவைப் பார்ப்போம் என்று போனவருக்கு அங்கே வலி குறைய, ஆடினார். முதல் சுற்றில் பௌடிஸ்டா அகுட். சீடு இருந்திருந்தால் அந்த ஆட்டமே இருந்திருக்காது. 2-ஆம் சுற்றில் குலுக்கல் காட்டிய முகம் ஜாக் டிரேப்பர்: 6-ஆவது சீடு, அதற்கு முந்திய போட்டியான இந்தியன் வெல்ஸில் பட்டம் வென்று புத்துணர்வோடு வந்தவர். இரண்டு செட்டும் டைபிரேக் (6-6 என்று சமமானால் செட்டை முடிவு செய்ய ஆடுவது), இரண்டும் மென்ஷிக்குக்கு. பிறகு சஃபியுலின், அடுத்த சுற்றில் ஆடவேண்டிய சக செக் வீரர் மகாச் விலகிக்கொண்டார், காலிறுதியில் 17-ஆவது சீடு ஃபில்ஸ், அரையிறுதியில் 3-ஆவது சீடு ஃபிரிட்ஸ், இறுதியில் 4-ஆவது சீடு ஜோகோவிச். மொத்தம் 7 டைபிரேக் ஆடி, ஏழையும் வென்றார். மறுநாள் தரவரிசையில் 54-இலிருந்து 24.

இதில் செக் நாட்டுக்காரர்களுக்கு ஒரு தனி ராசி இருக்கிறதோ என்றுகூடத் தோன்றும். 2021 பிரெஞ்சு ஓபனை சீடு இல்லாமல் வென்றவர் பார்போரா கிரெஜ்சிகோவா. 2023-இல் அதே பிரெஞ்சு ஓபனின் இறுதிக்கு சீடு இல்லாமல் வந்தவர் கரோலினா முகோவா. அதற்கு அடுத்த மாதம் விம்பிள்டனை வென்ற மார்கெட்டா வோண்ட்ரூசோவா, சீடு இல்லாமல் அங்கே மகளிர் பட்டம் வென்ற முதல் வீராங்கனை. தரவரிசையில் அவர் 42. சென்னைக்காரர்கள் இதில் ஒன்றை நேரிலேயே பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் நுங்கம்பாக்கம் அரங்கில் நடந்த சென்னை ஓபனில், சீடு இல்லாத 17 வயது லிண்டா ஃப்ருவிர்தோவா இறுதியில் 3-ஆவது சீடு மக்டா லினெட்டை 4-6, 6-3, 6-4 என்று வென்றார். அவருக்கும் அது முதல் பட்டம். ராசி என்று சொன்னது விளையாட்டுக்கு. சுமார் ஒரு கோடி மக்கள் உள்ள நாட்டில் கிளப் மட்டத்திலேயே போட்டி கடுமை. ஆகவே 40, 50-ஆம் இடங்களில் நிற்கும் செக் நாட்டுக்காரர்கள்கூடப் பலசாலிகள். சீடு எண் அந்தப் பலத்தைக் காட்டாது.

இனி தமிழ். பேச்சில் ‘சீடு’ என்று சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. எழுத்தில்தான் தொல்லை. ‘சீட்’ என்று எழுதினால் இருக்கை என்றும் படிக்கலாம், தேர்தல் சீட், கல்லூரி சீட் என்றும் படிக்கலாம். ‘சீடு’ என்று எழுதினால் பக்கத்திலேயே ‘சீட்டு’ நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், சீட்டுக் குலுக்குவது அதிர்ஷ்டத்தின் கையில் விடுவது. சீடு போடுவது அந்த அதிர்ஷ்டத்தின் கையைக் கொஞ்சம் கட்டிவைப்பது.

நாளிதழ்களில் மூன்று வழக்குகள் தென்படுகின்றன. ‘தரவரிசை’ என்றே எழுதிவிடுவது முதலாவது. குழப்பத்தின் ஊற்று அது. ‘தரநிலை’ இரண்டாவது, உலகத் தரவரிசை எண்ணையும் ‘நிலை’ என்றே சொல்கிறோம் என்பதால் இதுவும் வழுக்கும். ‘போட்டித் தரவரிசை’ மூன்றாவது. மூன்றில் இதுதான் விவரம் தெரிந்தவர் கை பட்ட சொல். ‘போட்டி’ என்ற முன்னொட்டு, இந்த எண் இங்கே மட்டும் செல்லும் என்பதைச் சரியாகச் சொல்லிவிடுகிறது. இலங்கையில் தரவரிசைக்குத் ‘தரப்படுத்தல்’ என்றும் எழுதுவார்கள். ஆனால் 1970-களின் பல்கலைக்கழக அனுமதி முறையின் நினைவு அந்தச் சொல்லோடு கூடவே வரும்.

‘போட்டித் தரவரிசை’யின் குறை நீளம், எதிர்மறையாக்கினால் ‘போட்டித் தரவரிசை பெறாத வீராங்கனை’ என்று தலைப்பில் அடங்காமல் வழியும். ‘வரிசை’யைக் கழற்றிவிட்டுப் ‘போட்டித்தரம்’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முடிவு. முதல் போட்டித்தரம், 6-ஆம் போட்டித்தரம், போட்டித்தரம் பெறாதவர். தரவரிசையோடு உறவும் தெரிகிறது, வேறுபாடும் தெரிகிறது. ‘உலகத் தரவரிசையில் 54-ஆம் இடத்தில் உள்ள, போட்டித்தரம் பெறாத மென்ஷிக்’ என்று எழுதினால் இரண்டு செய்தியும் முட்டிக்கொள்ளாமல் ஒரே வரியில் அமர்கின்றன. வினையாகச் சொல்ல ‘போட்டித்தரம் வழங்குதல்’ போதும். விதை, ஊன்றுதல், நாற்று எதையும் உள்ளே இழுக்க வேண்டாம். ஆங்கிலச் சொல்லின் உருவகம் அவர்கள் வயலில் முளைத்தது.

அண்டையில் உள்ள இரண்டு சொற்களையும் சேர்த்துக் கவனித்துவிடலாம். ‘குவாலிஃபயர்’ என்றால் தகுதிச் சுற்றில் ஆடி வந்தவர். இதில் சிக்கல் இல்லை. ‘வைல்டு கார்டு’ பிக் பாஸ் புண்ணியத்தில் வீட்டுக்கு வீடு தெரிந்த சொல்லாகிவிட்டது. அதை ‘நேரடித் தகுதி’ என்று எழுதுவது தவறு. தரவரிசைப் பலத்தால் உள்ளே வருவதுதான் நேரடித் தகுதி. அந்தப் பலம் போதாதவருக்கு அமைப்பாளர் விருப்பப்படி தருவது ‘சிறப்பு அனுமதி’. இந்த மூன்று வழிகளில் எதில் வந்தவரும் போட்டித்தரம் பெற்றவரைத் தோற்கடிக்கலாம். மயாமிக்கு இரண்டே மாதம் கழித்து, 2025 பிரெஞ்சு ஓபனுக்கு 19-ஆம் போட்டித்தரத்தோடு வந்த மென்ஷிக், 2-ஆம் சுற்றில் முதல் இரண்டு செட்டை வென்றபின், தகுதிச் சுற்றில் ஆடி வந்த போர்ச்சுகலின் என்ரிக் ரோஷாவிடம் தோற்றார்.

இரட்டையரில் மட்டும் ஒரு திருத்தம். அங்கே எண் ஆளுக்கு அல்ல, இணைக்கு. இருவருடைய தரவரிசை எண்களையும் கூட்டிப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆகவே டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற கிரெஜ்சிகோவாவையும் சினியகோவாவையும் ‘முதல் போட்டித்தரம் பெற்ற வீராங்கனைகள்’ என்று எழுதாமல், ‘முதல் போட்டித்தரம் பெற்ற இணை’ என்று எழுத வேண்டும்.