அம்மாவின் காரை மகள் தனியே எடுக்கலாமா?

லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை பின்னேரங்களில் உட்கார்ந்து, எங்கள் ஆட்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்து வருகிறேன். போன மாரியில் வந்த ஒரு அக்கா, நனைந்த குடையை மடக்கி வைக்கும் முன்பே கேட்டார்: “தம்பி, அம்மா ஏறாமல் நான் தனியக் காரை எடுத்தால் பிழையோ?”

அவருடைய தாய்க்குப் பக்கவாதம். வலப்பக்கம் இயங்காது. வாசலில் மோட்டபிலிட்டி கார், அதாவது இயலாதவர்களுக்கான குத்தகைத் திட்டத்தில் எடுத்த கார் நிற்கிறது. காப்புறுதியில் சாரதியாக அக்காவின் பெயரும் இருக்கிறது. இருந்தும் தாயின் மருந்தை எடுக்க இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறார். “ஆளை ஏத்தாமல் ஓடினால் காரைப் பறிச்சுப் போடுவாங்கள்” என்று அயலில் யாரோ சொல்லிவிட்டார்களாம். மழையிலும் குளிரிலும் ஒன்றரை வருடமாக இப்படி.

அயலவர் சொன்னது பிழை. அம்மாவின் மருந்தை எடுக்க அந்தக் காரில் அவர் தாராளமாகப் போகலாம். ஆனால் அம்மா வீட்டில் இருக்க, அவருடைய ப்ளூ பேட்ஜை (இயலாதவர்களுக்கான வாகன நிறுத்த அட்டை) முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் பார்மசி வாசலில் நிறுத்தினால் அது குற்றம். கார் ஒன்றுதான், பயணமும் ஒன்றுதான். காருக்கு ஒரு விதி, பேட்ஜுக்கு இன்னொரு விதி. எங்கள் குடும்பங்கள் குழம்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் மோட்டபிலிட்டி திட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் பிப் எனப்படும் இயலாமைக் கொடுப்பனவின் நடமாட்டப் பகுதி உயர்ந்த வீதத்தில் கிடைப்பவர்கள், அந்தப் பணத்தைக் கையில் வாங்குவதற்குப் பதிலாக ஒரு காரைக் குத்தகைக்கு எடுக்கலாம். 2025-26இல் அந்தத் தொகை வாரத்துக்கு 77.05 பவுண்ஸ். பிள்ளைகளுக்கு டி.எல்.ஏ. என்ற இயலாமைக் கொடுப்பனவின் உயர் நடமாட்டப் பகுதி கிடைத்தால் அதைக் கொண்டும் எடுக்கலாம். ஸ்கொட்லாந்தில் கொடுப்பனவுகளின் பெயர் வேறு, வழி ஒன்றுதான். கொடுப்பனவு முடிய இன்னும் 12 மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். சாதாரண காருக்குக் குத்தகை மூன்று வருடம். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய வாகனத்துக்கு ஐந்து வருடம். காப்புறுதி, சேர்விஸ், திருத்தம், வழியில் நின்றுவிட்டால் உதவி எல்லாம் அதற்குள் அடங்கும். ஓய்வூதிய வயது கடந்தபின் முதல்முறையாக விண்ணப்பிக்கும் பெற்றோருக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்புக் கொடுப்பனவுதான் கிடைக்கும். அதில் நடமாட்டப் பகுதியே கிடையாது. அதை வைத்து இந்தக் காரை எடுக்க முடியாது. இதைக் கேட்டு மனமுடைந்து எழுந்துபோன பலரைப் பார்த்திருக்கிறேன்.

குடும்பத்தவர் ஓட்டுவதைத் திட்டம் ஏதோ சலுகையாகப் பொறுத்துக்கொள்கிறது என்று நினைக்க வேண்டாம். மோட்டபிலிட்டி தொடங்கியது 1977இல். அதற்கு முன் அரசு கொடுத்து வந்தது இன்வாகார் எனப்பட்ட இளநீல நிற மூன்று சக்கர வண்டி. அதில் ஒரே ஓர் இருக்கை. தானே ஓட்டக்கூடியவர் மட்டும் அதில் ஏறிப் போகலாம். துணையையோ பிள்ளையையோ ஏற்ற இடமில்லை. ஓட்டவே முடியாதவருக்கு அந்த வண்டியால் பயனில்லை. அந்தக் குறை தீர வந்த ஏற்பாடு இது. ஆகவே வீட்டில் ஒருவர் ஓட்ட, இயலாதவர் பயன்பெறுவது திட்டத்தின் அடிப்படையிலேயே இருக்கிறது.

இப்போது மூல விதி. கார் மாற்றுத்திறனாளியாலோ, அவருடைய பயனுக்காகவோ ஓட வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் அவர் உள்ளே இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. திறப்பைக் கையில் எடுக்கும்போது, “இந்தப் பயணத்தால் அம்மாவுக்கு என்ன பயன்?” என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கு மரக்கறி வாங்க, கண்ணாடி திருத்தக் கொடுக்க, அவரை டே சென்டரில் விட்டுவிட்டு வெறும் காரோடு திரும்ப, பிறகு கூட்டிவர வெறும் காரோடு போக, இதெல்லாம் சரி. அவரைப் பார்த்துக்கொள்ள வரும் சித்தியை ஸ்டேஷனில் இருந்து ஏற்றி வருவதும் அவருடைய பயன்தான்.

பிழையாகப் போவது எப்படி என்றும் சொல்ல வேண்டும். தாய் ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். கார் மகனோடு தூரத்து மில்ட்டன் கீன்ஸில் நிற்கிறது. மகன் மாதத்தில் ஒருமுறை வந்து தாயைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறான். “அம்மாவே எடுத்துக்கொள் என்று சொன்னவா” என்பார்கள். அம்மா மனதாரச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் கொடுப்பனவு முழுவதும் மகனின் காருக்குப் போகிறது, அம்மாவோ பஸ்ஸுக்கு நிற்கிறார். திட்டம் இதை அனுமதிக்காது. கார் வழமையாக அவருடைய வீட்டில் நிற்க வேண்டும். சாரதிகள் அவருடைய வீட்டிலிருந்து ஐந்து மைலுக்குள் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது பொது எதிர்பார்ப்பு. அதற்கு அப்பால் இருக்கும் ஒருவரைச் சேர்க்கக் கேட்டால், அவர் எப்படி, எத்தனை தரம் உதவுகிறார் என்று விளக்கம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் கார் எங்கே போகிறது என்று காட்டும் கருவியையும் பொருத்தலாம். துஷ்பிரயோகம் உறுதியானால் குத்தகை முடிக்கப்படும். நடக்க முடியாத அந்தத் தாய்தான் அதற்குப் பிறகு கார் இல்லாமல் இருப்பார்.

மினிகேப், உணவு டெலிவரி, பார்சல் விநியோகம் ஆகியவற்றுக்கு இந்தக் காரை எடுக்கவே கூடாது. “இரவு இரண்டு மணித்தியாலம்தானே” என்று எடுத்த பிள்ளைகளைத் தெரியும். அந்த நேரத்தில் விபத்து நடந்தால் காப்புறுதி கைவிடலாம் என்பதை வீட்டில் இளையவர்களுக்கு உட்கார வைத்துச் சொல்லுங்கள்.

வேலைக்குப் போய்வருவதுதான் மிகவும் சிக்கலான கேள்வி. கணவருக்கு இயலாது, மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடுகிறது, போகும் வழியில் அவரைச் சிகிச்சைக்கு விட்டுவிட்டுப் போகிறார் என்றால் பயன் கண்முன்னே தெரிகிறது. வேறு வீட்டில் இருக்கும் மருமகன் தினமும் தன் அலுவலகத்துக்கு எடுத்துப் போவது அப்படியல்ல. இரண்டுக்கும் இடையில் நிற்பவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: காப்புறுதிச் சான்றிதழில் வேலைப்பயணம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு மோட்டபிலிட்டிக்குத் தொலைபேசி எடுத்து உங்கள் நிலைமையை ஒளிவில்லாமல் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் “பரவாயில்லை” என்று ஒருவர் சொன்னதை ஆறு மாதம் கழித்து நிரூபிக்க முடியாது.

இப்படிச் சொல்லக் காரணம் வாகன வரி. இந்தக் கார்களுக்கு வீதி வரி விலக்கு உண்டு. அரசின் நிபந்தனையோ குத்தகை விதியைவிட இறுக்கமான சொற்களில் இருக்கிறது: வாகனம் மாற்றுத்திறனாளியின் சொந்தத் தேவைகளுக்கு மட்டுமே, அவருக்காக ஓட்டுபவர் தன் சொந்தத் தேவைக்கு எடுக்கக்கூடாது. ஆகவே “வாரத்தில் நாலு நாள் அம்மாவுக்கு, மூன்று நாள் எனக்கு” என்று பங்கு பிரிக்கும் கணக்கு இங்கே செல்லாது.

அடுத்தது, யார் ஓட்டலாம். காப்புறுதியில் பெயர் உள்ளவர் மட்டும். குடும்பம் என்பதால் எவருக்கும் தானாக உரிமை வராது. சேர்க்கக்கூடிய பெயர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இளம் சாரதிகளுக்குக் கட்டுப்பாடு கூட; எல்லாக் காரையும் அவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள், ஓட்டும் விதத்தைப் பதிவுசெய்யும் கருவியும் கேட்கப்படலாம். கலியாண வீட்டுக்கு ஊரில் இருந்து வந்த மாமா “நான் கொழும்பிலேயே ஓட்டினவன்” என்று திறப்பை வாங்குவதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்! பெயரில்லாதவர் ஓட்டிப் பிடிபட்டால் காப்புறுதி இல்லாத குற்றம்: 300 பவுண்ஸ் தண்டம், அனுமதிப்பத்திரத்தில் 6 புள்ளி, வாகனத்தைப் பொலிஸ் எடுத்துப் போகவும் முடியும். 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி ஓட்ட விட்டவரும் குற்றவாளிதான். அந்தத் திறப்பைக் கொடுத்தது சக்கர நாற்காலியில் இருக்கும் அம்மாவாக இருந்தாலும் அப்படித்தான்.

ப்ளூ பேட்ஜ் காருக்கு உரியதல்ல, ஆளுக்கு உரியது. அதை ஒருதரம் திருப்பிப் பாருங்கள்: பின்பக்கத்தில் அவருடைய படம் இருக்கும். அவர் அந்தப் பயணத்தில் இருந்தால் எந்தக் காரிலும், நண்பரின் காரிலும், ராக்சியிலும்கூட வைக்கலாம். அவரை ஓரிடத்தில் இறக்கவோ ஏற்றவோ போகும்போது அந்த இடத்தில் நிறுத்தவும் பயன்படுத்தலாம். அவர் வீட்டில் படுத்திருக்க, அவருக்கே பால் வாங்கப் போனாலும் பேட்ஜைக் காட்டி நிறுத்தக்கூடாது. அதிகாரி கேட்டால் பேட்ஜைக் காட்டியே ஆக வேண்டும், அவர் படத்தைப் பார்த்துவிட்டு “இவர் எங்கே?” என்றுதான் கேட்பார். தண்டம் 1,000 பவுண்ஸ் வரை போகும். லண்டன் நகர மையத்தின் நெரிசல் கட்டண விலக்கும் இதே மாதிரித்தான். பேட்ஜ் உள்ளவருக்கு இரண்டு வாகனம்வரை பதியலாம், ஆனால் பயணம் அவருக்காக இருக்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு நான் சொன்னது இது: “அக்கா, காரில் போங்கோ. பேட்ஜை எடுத்து அம்மாவின்ர கைப்பையில் வையுங்கோ. அம்மா வெளிக்கிட்டால் பேட்ஜும் வெளிக்கிடும்.” பார்மசிக்குப் பக்கத்தில் காசு கட்டி நிறுத்துகிறார் இப்போது. பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் எடுத்த வேலை இருபது நிமிடத்தில் முடிகிறது. மிச்ச நேரம் தாயின் கைக்குப் பயிற்சி கொடுக்கக் கிடைக்கிறது என்றார்.

பரிஸில் தமிழர் கூடும் லாச்சப்பல் பகுதியின் கோயில் தேருக்குக் காரில் போகும் பழக்கம் எங்களுக்கு உண்டு. குத்தகைக் கார் என்பதால் பதிவுப் புத்தகம் உங்கள் கையில் இருக்காது. அதற்குப் பதிலாக விஈ103 என்ற சான்றிதழை முன்கூட்டியே எடுக்க வேண்டும். காப்புறுதியில் பெயர் உள்ளவர்களே அங்கும் ஓட்டலாம். அம்மாவும் தேர் பார்க்க வருகிறார் என்றால் நல்லது. அவரை லண்டனில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவதானால் உங்கள் சொந்தக் காரையோ ரயிலையோ பாருங்கள்.

குத்தகை எடுத்தவர் காலமாகிவிட்டால் காரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். செத்தவீட்டு அலுவல்களுக்கு இடையில் இது யாருக்கும் நினைவில் வராது, வந்தாலும் பேச மனம் வராது. ஆனாலும் முதல் வாரத்திலேயே தொலைபேசி எடுத்து, எந்தத் திகதிவரை கார் நிற்கலாம், அதுவரை யார் ஓட்டலாம் என்று கேளுங்கள். ப்ளூ பேட்ஜை உள்ளூராட்சி மன்றத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

புதிய சாரதியைச் சேர்ப்பது பெரிய வேலையல்ல. குத்தகைக்காரரே அழைக்க வேண்டும், அல்லது உங்களோடு பேச அவர் முதலில் அனுமதி கொடுத்திருக்க வேண்டும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்றால் அந்த அனுமதியைப் பதிந்து வைக்கச் சொல்லுங்கள். சேரப்போகிறவரின் அனுமதிப்பத்திர இலக்கம், முகவரி, கடந்த காலத் தண்டனைப் புள்ளிகள், விபத்துகள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். சாரதி அனுமதிப்பத்திர நிறுவனமான டி.வி.எல்.ஏ.யின் இணையத்தளத்தில் எடுக்கும் சரிபார்ப்புக் குறியீட்டையும் கேட்கலாம். அது 21 நாள்தான் செல்லும், அழைக்கும் அன்றைக்கே எடுங்கள். புதிய சான்றிதழில் பெயரைக் கண்ணால் கண்டபிறகு திறப்பைக் கொடுங்கள்.