செத்துப் பிழைத்தவர்கள்: கட்டுவிரியன் கடியும் கையால் ஊட்டும் மூச்சும்

கண்மணி இரண்டும் விரிந்து நிற்கின்றன. டார்ச் அடித்தால் சுருங்கவில்லை. அழுத்திக் கிள்ளினால் அசைவில்லை. முட்டியில் தட்டினால் கால் எழவில்லை. மூச்சு முழுக்க வென்டிலேட்டரில் ஓடுகிறது. இந்த நிலையில் ஒருவரைப் பார்த்தால் மூளை செத்துவிட்டது என்றே எவருக்கும் தோன்றும். ஆனால் அவர் கட்டுவிரியன் பாம்பு கடித்தவர். நான்கைந்து நாள் கழித்து அதே ஆளின் கால் பெருவிரல் லேசாக அசைகிறது. பிறகு இமை திறக்கிறது. இரண்டு வாரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறார். ஊருக்குப் போனால் 'செத்துப் பிழைத்தவர்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். குலசாமிக்குக் கிடா வெட்டுவார்கள்.

கிடா வெட்டட்டும், பொங்கலும் வைக்கட்டும். நேர்த்திக்கடனோடு மருத்துவமனையில் இருக்கும் எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் அந்தக் கட்டிலில் நடந்தது என்ன என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத குடும்பம் மூன்றாம் நாள் நம்பிக்கை இழந்து, "வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறது. பிழைத்திருக்கக்கூடிய ஆள் ஆம்புலன்சிலேயே இறந்துபோகிறார்.

கட்டுவிரியனின் விஷம் மூளையைத் தொடுவதில்லை. நரம்பு தசையோடு சேரும் நுனியில் போய் வேலை செய்கிறது. 'அசை' என்ற கட்டளையைத் தசைக்குக் கொண்டுசேர்க்கும் வேதிப்பொருள் அந்த நுனியில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. விஷம் சேமிப்பைக் காலி செய்து நுனியையும் சிதைத்துவிடுகிறது. மூளை கட்டளை போட்டபடியே இருக்கும், தசைக்குப் போய்ச் சேராது. முதலில் இமை தொங்கும். பிறகு பேச்சு குழறும், எச்சில் விழுங்க முடியாது, கழுத்து நிற்காது. கடைசியாக மார்பும் உதரவிதானமும் ஓய்ந்து மூச்சு நிற்கும். கண்மணியைச் சுருக்குவதும் ஒரு தசைதான். அதனால்தான் டார்ச் வெளிச்சத்துக்கு அது அசைவதில்லை. உள்ளே இருப்பவர் பெரும்பாலும் முழு விழிப்பில் இருக்கிறார். மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எடுத்துப் பார்த்தால் விழித்திருப்பவரின் அலைகளே தெரியும்.

நல்ல பாம்பின் விஷம் வேறு வகை. அது தசைப் பக்கத்தில் கட்டளையை வாங்கிக்கொள்ளும் இடத்தை மட்டும் அடைக்கிறது, நுனியைச் சிதைப்பதில்லை. அதனால் நியோஸ்டிக்மின் 1.5 மி.கி. ஊசியை அட்ரோபின் 0.6 மி.கி.யோடு சேர்த்துப் போட்டால், ஒரு மணி நேரத்துக்குள் இமை ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கட்டுவிரியனில் இந்த ஊசியைப் பெரிதாக நம்ப முடியாது. சிதைந்த நுனி புதிதாக வளர வேண்டும். அதற்குச் சில நாள் ஆகலாம், சிலருக்கு வாரக்கணக்கில் ஆகலாம். மருந்தால் அதை விரட்ட முடியாது.

விஷமுறிவு மருந்தைப் பற்றிய பெரிய குழப்பமும் இங்கேதான் வருகிறது. ரத்தத்தில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் விஷத்தைத்தான் அந்த மருந்து பிடிக்கும். ஏற்கெனவே சிதைந்த நரம்பு நுனியை அது சரிசெய்யாது. ஆகவே முதல் 10 குப்பியைச் சீக்கிரம் ஏற்றுவதில்தான் பலன் இருக்கிறது. பொடியாக வரும் ஒவ்வொரு குப்பியையும் 10 மி.லி. நீரில் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரைத்துப்போகும், உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். பிறகு சலைனில் கலந்து சுமார் ஒரு மணி நேரத்தில் ஏற்றுவார்கள். நிலைமை மோசமானால் இன்னொரு 10 குப்பி. 20 குப்பிக்கு மேல் போனாலும் தசைகளின் அந்தச் செயலிழப்பு வேகமாகத் தெளிவதில்லை. "இன்னும் பத்து போடுங்க டாக்டர்" என்று உறவினர்கள் கெஞ்சும்போது அந்தத் தவிப்பு புரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குத் தேவை காற்று.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை. குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்பதால் ஒவ்வாமை வரலாம். 0.5 மி.கி. அட்ரினலின் (குழந்தைக்கு எடைக்கு ஏற்றபடி) கையில் தயாராக இருந்தபிறகே சொட்டைத் திறக்க வேண்டும். இந்த மருந்தைத் தயாரிக்கத் தேவையான விஷத்தில் பெரும்பங்கு சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. பிழைத்து வந்தவர் யாருக்காவது நன்றி சொல்ல நினைத்தால் அந்தக் கைகளையும் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, மூச்சுக்கு வருவோம். மூச்சு நின்று நான்கைந்து நிமிடம் காற்று போகாவிட்டால் மூளை கெடத் தொடங்கும். பிழைத்தவருக்கும் இறந்தவருக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இந்த நிமிடங்கள்தான். வென்டிலேட்டர் இல்லாத சின்ன மருத்துவமனையில்கூட ஆம்பு பேக் என்ற ரப்பர் பை இருக்கும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தாடையை முன்னுக்குத் தூக்கி, முகமூடியைக் காற்று கசியாமல் பொருத்தி, ஐந்தாறு வினாடிக்கு ஒருமுறை பையை அழுத்த வேண்டும். மார்பு எழுவது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த அளவு போதும். பதற்றத்தில் வேகமாக அழுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி எழும்பி, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். 1952இல் கோபன்ஹேகனில் போலியோவால் மூச்சு நின்ற நோயாளிகளுக்கு மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு வாரக்கணக்கில் பையை அழுத்தினார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேதான் பிறந்தது. கட்டுவிரியன் கடித்தவரைக் காப்பாற்றுவதும் அதே வேலைதான்.

மூச்சு நிற்கப்போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்லுங்கள். நல்ல நிலையில் முப்பது வரை போகிறவர் பதினைந்தைத் தாண்டத் திணறினால் மூச்சுக்குழலுக்குள் குழாய் போடும் நேரம் நெருங்கிவிட்டது. ஆக்சிஜன் அளவு காட்டும் விரல் கருவி கடைசி வரை 98 என்று காட்டி ஏமாற்றும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது.

உயிரோடு இருப்பவரே மூளை செத்தவர் போலத் தெரியலாம் என்பதைச் சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது. 1994இன் உறுப்பு மாற்றுச் சட்டப்படி மூளைச் சாவை நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதிக்க வேண்டும். தசையை முடக்கும் பொருள் எதுவும் உடலில் இல்லை என்று தெளிவாக்கிய பிறகே அந்தச் சோதனையைத் தொடங்கலாம். பாம்பு கடித்தவர் என்று தெரியாதபோதுதான் ஆபத்து அதிகம்.

கட்டுவிரியன் விஷயத்தில் பல நேரம் அது தெரிவதே இல்லை. ராத்திரியில் தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது, பல்தடம் கொசுக்கடி போல இருக்கும் அல்லது தெரியவே தெரியாது. விடியற்காலையில் வயிற்றைப் பிசையும், வாந்தி வரும். கேஸ் என்று சோடா குடித்துவிட்டு மறுபடி படுப்பார்கள். தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியாமல் 'தூக்கக் கலக்கமா இருக்கு' என்றால் பாம்பைத் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள்.

வண்டி வரும்வரை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மல்லாக்கப் படுத்தால் விழுங்க முடியாத எச்சில் மூச்சுக்குழலை அடைக்கும். கடித்த கை காலை ஒரு கட்டையோடு சேர்த்து அசையாமல் வையுங்கள். மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் வேண்டாம். யாராவது ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் மருத்துவமனையில் மருந்து தயாரான பிறகு அவிழ்க்கட்டும். ஒன்றும் இல்லாதது போலத் தெரிந்தாலும் 24 மணி நேரம் வார்டில் இருக்க வேண்டும். மந்திரித்துக் குணமானவர்கள் உண்டே என்பீர்கள். நம்மூரில் கடிக்கும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. விஷப் பாம்பும் சில நேரம் விஷம் இறக்காமல் கடிக்கும். அவர்கள் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாலும் பிழைத்திருப்பார்கள். விஷம் ஏறியவருக்குத் திண்ணையில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்.

வென்டிலேட்டரில் இருப்பவரின் காது கேட்கிறது, வலியும் தெரிகிறது. இதைச் செவிலியர், உறவினர் எல்லோருமே மறந்துவிடுகிறோம். அவர் தலைமாட்டில் நின்று செலவைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேச வேண்டாம். வலிக்கும் தூக்கத்துக்கும் மருந்து கொடுக்கப்படுகிறதா என்று கேளுங்கள். ஊசி போடும்போது நாடித்துடிப்பு ஏறினால் அவர் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இமை மூடாமல் கண் காய்ந்து புண்ணாகும், அதனால் களிம்பு போட்டு ஒட்டி வைக்க வேண்டும். காதருகே போய், "அண்ணே, நான் பேசுறது கேட்டா கால் விரலை அசைங்க" என்று தினமும் சொல்லிப் பாருங்கள். விரல் மற்ற இடங்களுக்கு முன்பே திரும்பிவிடும் சமயங்கள் உண்டு.

வீட்டுக்குப் போனபிறகு தொண்டைக் கரகரப்பும் உடல் தளர்ச்சியும் சில வாரம் இருக்கும். மருந்து ஏறிய ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்புத் தடிப்பு வரலாம். விஷம் திரும்ப ஏறிவிட்டது என்று பயந்து மந்திரிக்கப் போக வேண்டாம். குதிரைச் சீரத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது. டிஸ்சார்ஜ் சீட்டோடு அதே மருத்துவமனைக்கு வாருங்கள், சில நாள் மாத்திரையில் அடங்கிவிடும். அன்றிரவு முதல் கொசுவலையின் விளிம்பைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டுப் படுங்கள்.