ஸ்டேக்ஹோல்டர் பங்குதாரர் அல்ல

போன வாரம் பிழைதிருத்தத்துக்கு ஒரு மொழிபெயர்ப்பு வந்தது. பல்கலைக்கழகம் நடத்தும் இயற்கை வள ஆய்வு மையத்தை யார் ஆள வேண்டும் என்பது அதன் பொருள். முதல் பக்கத்திலேயே, 'மையத்தின் பங்குதாரர்கள் அனைவருக்கும் ஆட்சிக்குழுவில் இடம் வேண்டும்' என்று இருந்தது. பங்குதாரரா? ஆய்வு மையம் எப்போது பங்கு வெளியிட்டது? ஸ்டேக்ஹோல்டர் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதைப் போட்டு வந்ததை எத்தனை முறை அடித்திருப்பேன், கணக்கே இல்லை.

பிறப்பை வேகமாகப் பார்த்துவிடலாம். 'ஸ்டேக்' என்றால் பந்தயத்தில் வைக்கும் பணயம். 18-ஆம் நூற்றாண்டில் ஸ்டேக்ஹோல்டர் என்பவர் இரு தரப்பின் பணயப் பணத்தையும் கையில் வைத்திருக்கும் நடு ஆள். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றும் இல்லை. 1960-களில் நிர்வாகவியல்காரர்கள் கையில் அது தலைகீழாகி, ஒரு முடிவால் லாபமோ நட்டமோ அடையக்கூடியவர் என்றானது. 1984-இல் நிர்வாகவியல் அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் எழுதிய நூலுக்குப் பின் எங்கும் பரவியது.

சரி, பங்குதாரர்? பங்கு தமிழ்; 'தார்' பாரசீகம், வைத்திருப்பவர் என்று பொருள். ஜமீன்தார், தாசில்தார் வரிசை. பாரசீகம் என்பதற்காக அதை விரட்டவில்லை, அந்தக் கட்சி நானில்லை. கம்பெனியில் பங்கு வாங்கியவருக்கு அது அருமையான சொல். சிக்கல் என்னவென்றால், ஷேர்ஹோல்டர் மட்டுமே கணக்கில் வருபவர் அல்ல, வேலையாளும் வாடிக்கையாளரும் ஊராரும்கூடக் கணக்கில் வருவார்கள் என்று சொல்லத்தான் ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல்லையே முன்னிறுத்தினார்கள். எதற்கு எதிராகச் சொல் எழுந்ததோ, அதையே அதற்கு மொழிபெயர்ப்பாக வைத்திருக்கிறோம்!

அமெரிக்காவின் மின்னசோட்டாவைப் பாருங்கள். 1983-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் பல்கலைக்கழகத்தின் கீழ் இயற்கை வள ஆய்வு நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தியது. சுப்பீரியர் ஏரிக்கரை நகரான துலூத்தை ஒட்டி இருக்கிறது. காடு, தாது, நீர் மூன்றும் அதன் ஆய்வுக்குள் வரும். பல்கலைக்கழகத்தின் உச்சியில் 12 பேர் கொண்ட ஆட்சிக்குழு. அவர்களைத் தேர்ந்தெடுப்பதும் சட்டமன்றமே. அந்த மாநிலத்தில் இரும்புச் சுரங்கங்களிலிருந்து சல்பேட் என்ற உப்பு நீரில் கலக்கிறது. காட்டரிசி விளையும் நீர்நிலைகளில் சல்பேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று 1973-இலேயே விதி வந்தது. அந்த அரிசி அங்குள்ள பூர்வகுடிகளான ஓஜிப்வே மக்களுக்கு உணவு மட்டுமல்ல, வழிபாடும்கூட. இப்படிப்பட்ட மையத்துக்கு ஆய்வுப் பணம் தரும் சுரங்கக் கம்பெனியைப் பங்குதாரர் என்றால் காதுக்குப் பொருந்திப்போகும். ஓடத்தில் போய் அரிசி தட்டி எடுக்கும் ஓஜிப்வே பெண் எந்தப் பங்கை வாங்கினார்? பணம் போட்டவனுக்குத்தான் நாற்காலி என்ற முடிவை, வாதம் தொடங்கும் முன்பே இந்தச் சொல் எழுதிவிடுகிறது.

இன்னொரு கூத்தும் உண்டு. வட அமெரிக்கப் பூர்வகுடிகள் பலர், தங்களை ஸ்டேக்ஹோல்டர் என்பதையே ஏற்பதில்லை. கருத்துக் கேட்கப்படும் பத்துப் பேரில் ஒருவரல்ல நாங்கள், அரசோடு செய்த ஒப்பந்தப்படி உரிமை உள்ளவர்கள் என்கிறார்கள். இதை 'நாங்கள் பங்குதாரர் அல்ல, உரிமையாளர்' என்று பெயர்த்தால், ஏதோ கம்பெனியை மொத்தமாக வாங்கிவிட்டது போல இருக்கும்.

'பங்காளி' என்றும் எழுதுகிறார்கள். பங்காளிச் சண்டை பார்த்த யாரும் அதை ஆட்சிக்குழுவுக்குள் விடமாட்டார்கள். 'பயனாளி' என்றால் அரசுத் திட்டத்துக்கு வரிசையில் நிற்பவர். இழப்பவர் அதில் இல்லை. நேரடியாகப் 'பணயக்காரர்' என்றால் ஆள்கடத்தல் வாடை. இலங்கைத் தமிழில் வரும் 'அக்கறையுள்ள தரப்பினர்' எவ்வளவோ மேல். ஆனாலும் அக்கறை மனத்தில் இருப்பது. ஏரி கெட்டால் சோறு போகிறவருக்கு இருப்பதை அக்கறை என்று சொல்வது குறைவு.

எனக்குத் 'தொடர்புடையோர்' போதும். ஊரில் தகராறு என்றால் 'சம்பந்தப்பட்டவங்களைக் கூப்பிடு' என்றுதானே சொல்கிறோம்? தளர்வாக இருக்கிறது, கலைச்சொல் மாதிரி இல்லை என்பார்கள். ஆங்கிலச் சொல் மட்டும் இறுக்கமாகவா இருக்கிறது? யார் தொடர்புடையவர் என்பதுதான் சண்டையே. அதைக் கட்டுரை தீர்க்கட்டும், சொல்லே தீர்த்துவிட வேண்டாம்.

திருத்தி அனுப்பினேன். தங்கள் நிறுவனத்தின் சொற்பட்டியலில் பங்குதாரர் என்றுதான் இருக்கிறது, மாற்ற முடியாது என்று மொழிபெயர்ப்பாளர் பதில் எழுதி, பட்டியலையும் இணைத்திருந்தார். அதில் கவர்னன்ஸ் என்பதற்கு 'ஆளுமை' என்று போட்டிருந்தது. அதையும் அடித்து 'ஆளுகை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.